ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு அசையப் பயமா? எந்த ஒலி உதவும், எது உதவாது

முழங்காலின் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் களத்துக்குத் திரும்புகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு 2014-இல் வெளியானது. ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். காயத்துக்கு முன் இருந்த அதே நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 55 சதவீதம்தான். ஜவ்வு நன்றாகப் பிடித்து, தசை தேறி, மருத்துவர் ஆடலாம் என்று சொன்ன பிறகும் கால் முன்னே போக மறுக்கிறது. இந்த இடைவெளியில் பெரும்பங்கு அசைவுப் பயத்துக்கு உண்டு.

இதை அளக்க 17 கேள்விகள் கொண்ட தாம்பா அளவுகோல் இருக்கிறது. மதிப்பெண் 17-இலிருந்து 68 வரை போகும். 37-க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இதன் 11 கேள்விச் சுருக்கத்தை வைத்து, களம் திரும்பிய 40 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வந்தது. திரும்பும் நேரத்தில் 19 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஜவ்வு மறுபடி கிழியும் வாய்ப்பு 13 மடங்கு கூடுதலாக இருந்தது. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எனவே அந்த 13-ஐ அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் பயந்து இறங்கும் கால் விறைப்பாக இறங்கும், விறைப்பான காலில் மூட்டின் மீது விழும் அடி கூடும் என்பது பயிற்சிக் கூடத்தில் தினமும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

ஒலியைக் கொண்டு இந்தப் பயத்தைக் குறைக்கலாம் என்று இப்போது பலவிதமான பொருள்களும் செயலிகளும் வருகின்றன. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம், உணர்கருவியோடு இணைந்த ஒலி, பாட்டு, தளர்வுப் பதிவு, பைனாரல் பீட்ஸ், 432 ஹெர்ட்ஸ், கிண்ண நாதம் என்று எல்லாமே ‘ஒலி சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் நடமாடுகின்றன. இவை செய்யும் வேலை ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. சில ஒலிகள் வீரருக்குத் தன் அசைவைப் பற்றி ஏதோ சொல்கின்றன. சில ஒலிகள் அசைவை மறக்க வைக்கின்றன. பயம் போக வேண்டுமானால், பயப்படும் அசைவை அவர் முழுக் கவனத்தோடு செய்து, ‘நான் நினைத்தது நடக்கவில்லை’ என்று தானே கண்டுகொள்ள வேண்டும். இந்த உரைகல்லில்தான் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறோம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள்

எல்லாத் தயக்கமும் பயம் இல்லை. கால் உண்மையிலேயே மடங்கி விழுகிறது, மூட்டு இடையில் பூட்டிக்கொள்கிறது, பயிற்சி செய்த மறுநாள் நீர் கோத்து வீங்குகிறது, கெண்டைக்கால் சூடாக வலிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் ஒலி, தாளம் எதையும் தொட வேண்டாம். அறுவை மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். நிலையற்ற மூட்டை நம்பச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து.

இரண்டாவது, காது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏ.சி.எல். கிழியும்போது பலருக்கு உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அல்லது கேட்டது போல் உணர்வார்கள். அந்தச் சத்தம் நினைவில் தங்கிவிடுகிறது. பிறகு குந்தி எழும்போது முழங்காலில் நெறுநெறு என்றோ மளுக் என்றோ கேட்டால், மறுபடி போச்சு என்று உடம்பு உறைந்துவிடும். வலியும் வீக்கமும் இல்லாத வெறும் மூட்டுச் சத்தம் சேதத்தின் அடையாளம் இல்லை. காயமே படாத முழங்கால்களிலும் அது சாதாரணம். வீரருடைய நல்ல காலில் அவர் கையையே வைத்து குந்தி எழச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அங்கேயும் ஏதாவது ஒரு சத்தம் அகப்படும். இந்த ஐந்து நிமிடப் பாடம் முடியாமல் வேறு எந்த ஒலியையும் சேர்ப்பதில் பயனில்லை.

ஒலி உடம்பின் உணர்வையே மாற்றக்கூடியது என்பதற்குச் சான்று உண்டு. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் ஆஸ்திரேலியாவில் தாஷா ஸ்டான்டன் குழு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு இறுகிக் கிடப்பதாக உணர்ந்தவர்களின் முதுகு அளவீட்டில் அப்படி இருக்கவில்லை. முதுகில் அழுத்தம் கொடுக்கும்போது கதவு கிறீச்சிடும் ஒலியைச் சேர்த்தார்கள். ஒலி மாறியபோது உணர்வும் மாறியது. ஆக, தவறான ஒலி தீங்கும் செய்யும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கருவிகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

மெட்ரோனோம்: முதல் தேர்வு

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மெட்ரோனோம் செயலி, அல்லது யாராவது ஒருவர் சீராகத் தட்டும் கைத்தட்டு. இதைவிட மலிவான கருவி இல்லை. இதைவிட நீண்ட பின்புலம் உள்ள ஒலி முறையும் இல்லை. மைக்கேல் தாவுட் 1990-களில் பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளின் நடையைத் தாளத்தால் சீராக்கிய ஆய்வுகளிலிருந்து இந்த வழி வளர்ந்தது. முழங்காலுக்கு அது வேறு காரணத்தால் உதவுகிறது. நொண்டும் நடையின் கோளாறு அதன் காலப் பிளவில் இருக்கிறது: நல்ல காலில் நீண்ட நேரம், காயக் காலில் குறைந்த நேரம். தாளம் அந்த நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஊன்றுகோல் விட்டபின் நடைக்கு இப்படி வைக்கலாம். வீரர் இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 96 என்றால் மெட்ரோனோமையும் 96-இல் வையுங்கள், கூட்ட வேண்டாம். மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று முறை. இரண்டு கால்களின் ஒலியும் சம இடைவெளியில் விழத் தொடங்கியபின்தான் 5 சதவீதம் கூட்டி 101. முதல் நாளே 110-க்குத் தாவினால் அடி குறுகிவிடும், முழங்கால் மடங்காமலே தாளத்தைப் பிடித்துவிடுவார். ஒலிக்கு நடை சரி, மூட்டுக்குத் தவறு. இன்னொரு கோளாறும் அடிக்கடி வரும்: தாளத்தை நல்ல கால் மட்டும் பிடிக்கும், காயக் கால் நடுவில் எங்கேயோ விழும். பல செயலிகளில் ஒன்றுவிட்டு ஒன்று வேறு சுருதியில் ஒலிக்கும்படி வைக்கலாம். தாழ்ந்த ஒலி இடது, உயர்ந்த ஒலி வலது என்று பிரித்துவிட்டால் ஏமாற்ற இடமில்லை. முழங்கால் முழுதாக நீளாதவருக்கு இதை வைத்து நடையைச் சீராக்கப் பார்க்க வேண்டாம். ஐந்து பாகை குறைவைத் தாளம் மறைக்கும், தீர்க்காது.

பலப் பயிற்சியில் மெட்ரோனோமின் பயன் இன்னும் தெளிவு. பயந்தவர் ஸ்குவாட்டில், அதாவது குந்தி எழுவதில், பயப்படும் கோணத்தை விரைந்து தாண்டிவிடுவார். அந்த இடத்தில் நின்று பார்க்கவே மாட்டார், அதனால் அந்த இடம் பாதுகாப்பானது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மெட்ரோனோமை 60-இல் வைத்து, மூன்று தட்டில் இறங்கி, ஒரு தட்டு நின்று, மூன்று தட்டில் எழச் சொன்னால் தப்பிக்க முடியாது. எட்டு எண்ணிக்கை, நான்கு சுற்று. வெளியிலிருந்து வரும் தாளத்துக்குச் செய்யும் பலப் பயிற்சியைப் பற்றி, குதிப்பவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் பட்டெல்லா தசைநாண் வலியில் ஆய்வாளர் ஈபனி ரியோ விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே மூன்று நொடி ஏற்றம், நான்கு நொடி இறக்கம். தானாக எண்ணுவதற்கும் வெளித் தாளத்தைப் பின்பற்றுவதற்கும் மூளை தசையை இயக்கும் விதத்தில் வேறுபாடு இருக்கலாம் என்பது அவர் வாதம். பயிற்சிக் கூடத்தில் அதைவிட எளிதான ஒரு காரணம் போதும்: அடுத்த தட்டு எப்போது என்று காத்திருக்கும் மனது, முழங்கால் என்ன செய்யப் போகிறது என்று காத்திருப்பதில்லை.

ஓட்டத்துக்கு வரும்போது, பொதுவாக 12 முதல் 16 வாரங்களில், இதே கருவி வேறு வேலை செய்யும். அதே வேகத்தில் ஓடும்போது அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் தாங்க வேண்டிய சுமை குறைகிறது. 2011-இல் ஹைடர்ஷைட் குழு இதைக் காட்டியது. நிமிடத்துக்கு 160 அடி ஓடுபவரை 168-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து சுற்று. இங்கே ‘பயப்படாதே’ என்ற சொல்லே தேவைப்படாது. சுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறது, கால் அதை உணர்கிறது.

காலின் ஒலி: விலையில்லாதது, பலர் பயன்படுத்தாதது

எல்லாவற்றிலும் நேரடியாகப் பேசும் ஒலி, தரையில் இறங்கும் காலின் சத்தம்தான். குதித்து இறங்கும்போது தன் சத்தத்தைக் கேட்டு அடுத்த முறை மென்மையாக இறங்கச் சொன்னாலே தரைத் தாக்கு விசை குறைகிறது என்று நியூசிலாந்தின் மெக்நேர், ப்ரபவெசிஸ் குழு 2000-இல் வெளியிட்டது. மூட்டுக் கோணங்களை விளக்கிச் சொன்ன குழுவிலும், சத்தத்தைக் கேட்ட குழுவிலும் விசை குறைந்தது. ‘முட்டியை இத்தனை மடக்கு’ என்ற பாடம் இல்லாமலே காது அந்த வேலையைச் செய்தது. பயந்தவரிடம் முட்டியைப் பற்றிப் பேசப் பேச அவர் கவனம் முட்டியிலேயே சிக்கிக்கொள்ளும். ‘சத்தம் வராமல் இறங்கு’ என்பது கவனத்தைத் தரைக்குக் கொண்டுபோய்விடும்.

செய்முறை: 15 செ.மீ. உயரப் பலகை. சிமெண்ட் தரை மீது மெல்லிய ரப்பர் விரிப்பு, காலில் வழக்கமான காலணி. கபடி மேட் மீது இதைச் செய்ய வேண்டாம். அந்த நுரை ஒலியை விழுங்கிவிடும், ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலில் பயிற்றுநர் இறங்கிக் காட்டட்டும், ஒரு முறை தடாலென்று, ஒரு முறை பூனைபோல். வீரர் கண்ணை மூடி இரண்டையும் கேட்கட்டும். பிறகு இரண்டு காலால் ஐந்து முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் சத்தத்துக்கு ஒன்றிலிருந்து பத்து வரை தானே மதிப்பெண் போடட்டும். நாம் போடக் கூடாது. தன் காதை நம்பக் கற்பதுதான் இங்கே பாடம். மூன்று அல்லது அதற்குக் கீழே நிலைத்தபின் 30 செ.மீ., பிறகு முன்னோக்கிக் குதித்தல், பக்கவாட்டில் குதித்தல், கடைசியாக ஒற்றைக் கால்.

இன்னும் ஒன்றையும் காது கண்டுபிடிக்கும். இரண்டு காலும் ஒன்றாக இறங்கினால் ஒரே ‘டப்’. நல்ல காலை முன்னால் விட்டால் ‘ட-டப்’. கைபேசியின் குரல் பதிவுச் செயலியில் பதிந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், காது தவறவிட்ட இடைவெளியும் இரண்டு சிறு கூர்முனைகளாகத் தெரியும். கைபேசியை ஒவ்வொரு நாளும் ஒரு மீட்டர் தொலைவில் ஒரே இடத்தில் வையுங்கள். தரையோ காலணியோ மாறினால் பழைய பதிவோடு ஒப்பிடக் கூடாது.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். சத்தமே இல்லாமல் இறங்குவதற்கு எளிய குறுக்குவழி, எடை முழுவதையும் நல்ல காலில் போடுவது. முட்டி உள்ளே சாய்ந்தபடியும் மெதுவாக இறங்கலாம். எனவே முன்னால் ஒரு கைபேசிக் காணொளி கட்டாயம். இரண்டு காலுக்கும் தனித்தனி எடைக்கருவி வைத்து நிற்க, குந்தச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது. மென்மையான இறக்கத்துக்கு முன்தொடைத் தசை நிறைய உழைக்க வேண்டும்; அந்தத் தசை நல்ல காலின் பலத்தில் குறைந்தது 80 சதவீதத்தை எட்டாமலும், மூட்டில் நீர் வடியாமலும் குதிப்பைத் தொடங்க வேண்டாம்.

பரதநாட்டியக் கலைஞர்களுக்கு இந்த வழி இன்னும் இயல்பாகப் பொருந்தும். தட்டடவின் ஒலியில் இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் காது ஏற்கெனவே அறியும். அவர்களிடம் மென்மையைக் கேட்கக் கூடாது, சமத்தைக் கேட்க வேண்டும்.

அசைவை ஒலியாக்கும் கருவிகள்

தொடையிலோ காலிலோ கட்டிய உணர்கருவி கோணத்தைப் படித்து ஒலியாக்கும். முட்டி மடங்க மடங்கச் சுருதி ஏறும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்காக இப்படி ஒன்றை உருவாக்கினார்கள். முதுகில் பொருத்திய கைபேசி, முன்னே குனியும் அளவுக்கேற்ப ஒலியை மாற்றும். சின்ன அசைவுக்கும் பதில் கிடைப்பதால், தன்னால் முடிகிறது என்ற உணர்வு வரும். நம் ஊரில் இதற்கு நெருக்கமாகச் சில பிசியோதெரபி துறைகளில் இருப்பது ஈ.எம்.ஜி. பயோஃபீட்பேக் கருவி. தொடை மீது ஒட்டிய மின்முனைகள் தசையின் மின்சாரத்தைப் படித்து, குறித்த அளவைத் தாண்டினால் ஒலிக்கும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு, மூன்று வாரங்களில் ஈ.எம்.ஜி. கருவிக்கு இணையானது எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து. அந்த நாட்களில் முன்தொடைத் தசை மூளையின் கட்டளைக்குச் சரியாகப் பதில் தராது. வீங்கிய மூட்டிலிருந்து போகும் தகவலே தசையை அடக்கிவைக்கிறது. காலே தன்னுடையதில்லை என்று வீரர் சொல்வார். அந்த நேரத்தில் இறுக்கியவுடன் ஒலிக்கும் ஒரு கருவி, தசை உயிரோடு இருக்கிறது என்பதற்குக் காதில் விழும் சாட்சி. வரம்பை அவரால் பத்தில் ஏழு முறை தாண்ட முடிகிற இடத்தில் வையுங்கள். ஐந்து நொடி இறுக்கம், பத்து நொடி ஓய்வு, பத்து முறை. ஒரு நாளில் மூன்று வேளை. வரம்பை உயர்த்தும் அவசரத்தில் பத்துக்கு இரண்டு என்று ஆகிவிட்டால், கருவி நம்பிக்கையைக் குலைக்கும் பொருளாக மாறிவிடும்.

மற்றக் கருவிகளில் பார்க்க வேண்டியது ஒன்றே: எப்போது ஒலிக்கிறது? முட்டி உள்ளே சாய்ந்தால், எடை பிசகினால் ‘பீப்’ என்று எச்சரிக்கும் கருவிகள் விற்கின்றன. பயம் இல்லாத ஆளுக்கு அது சரி. பயந்தவருக்கு அது ஒவ்வொரு தவறிலும் அபாய மணி அடிப்பதற்குச் சமம். கதவுக் கிறீச்சொலி முதுகின் உணர்வை மாற்றியது என்றால், அபாய ஒலி முட்டியின் உணர்வை எந்தப் பக்கம் திருப்பும் என்பதை ஊகிக்கலாம். கருவியில் அமைப்பைத் திருப்ப முடிந்தால், சரியாக அசையும்போது இனிய ஒலி, தவறினால் மௌனம் என்று வையுங்கள். திருப்ப முடியாவிட்டால் அதை வாங்காதீர்கள்.

ப்ளூடூத் செவிப்பேசியில் ஒலி தாமதமாக வரும்; பல மாதிரிகளில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கையும் தாண்டும். மெட்ரோனோமுக்கு அது பொருட்டில்லை, தாளம் சீராகத்தான் வரும். அசைவுக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய ஒலிக்கு அந்தத் தாமதமே கொலை. ஒலி தன் காலிலிருந்து வருகிறது என்ற உணர்வு போய்விடும். கம்பிச் செவிப்பேசி அல்லது கருவியின் சொந்த ஒலிபெருக்கிதான் சரி.

பதிவுசெய்த குரல்: காலால் செய்ய முடியாத வாரங்களுக்கு

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை வீரர் எதற்குப் பயப்படுகிறாரோ அதைச் செய்யவே அனுமதி இல்லை. அந்த இடைவெளியில் பயம் தனியாக உட்கார்ந்து வளரும். 2001-இல் குப்பல், ப்ரூவர் இருவரும் ஏ.சி.எல். அறுவை செய்த 30 பேரிடம், தளர்வும் மனக்காட்சியும் சேர்ந்த பத்து அமர்வுகளை ஆறு மாதங்களில் நடத்திப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அந்தக் குழுவுக்கு முழங்கால் பலம் கூடுதல், மறுகாயப் பதற்றம் குறைவு, வலியும் குறைவு. இங்கே ஒப்பிடும் எல்லாவற்றிலும், இதே காயத்தில் இதே பயத்தை நேராக அளந்த சான்று இதற்குத்தான் இருக்கிறது. இருந்தும் நம் கூடங்களில் இதுதான் மிகக் குறைவாகச் செய்யப்படுகிறது.

பத்துப் பன்னிரண்டு நிமிடப் பதிவு போதும். குரல், வீரர் நம்பும் பயிற்றுநருடையதாகவோ பிசியோவுடையதாகவோ இருக்கட்டும். அவர் வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும். முதல் மூன்று நிமிடம் மூச்சு. பிறகு ஒரு முழு அசைவு, வெளியிலிருந்து பார்ப்பது போல இல்லாமல் தன் கண் வழியாக, உண்மையில் எடுக்கும் அதே நேர அளவில். கபடி ரெய்டர் என்றால்: நடுக்கோட்டைத் தொட்டு நுழைகிறாய், 3.75 மீட்டரில் பால்க் லைன், அதைத் தாண்டி ஒரு மீட்டரில் போனஸ் கோடு, பின்காலைத் தரையிலிருந்து தூக்கி முன்காலைக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறாய், மூலைக்காரர் கணுக்காலுக்குப் பாய்கிறார், காயக் காலை ஊன்றித் திரும்புகிறாய், நடுக்கோடு. ஒலிகளைச் சேருங்கள்: மேட்டில் உள்ளங்கால் தேயும் சத்தம், விசில், தன் வாயிலிருந்து வரும் ‘கபடி கபடி’. காயம் பட்ட அந்தத் தருணத்தை மட்டும் பதிவில் சேர்க்கக் கூடாது. கேட்கும்போது படபடப்பு ஏறி இறங்காவிட்டால் நிறுத்திவிட்டு எளிய அசைவுக்கு வாருங்கள். மனக்காட்சியிலும் படிகள் உண்டு.

பாட்டு

பிடித்த பாட்டு நல்லது, இடம் தெரிந்து வைத்தால். குறைந்த, நடுத்தரக் கடுமையில் உழைக்கும்போது பாட்டு உழைப்பின் உணர்வை ஏறக்குறைய பத்து சதவீதம் குறைக்கிறது என்கிறார் ப்ரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ். நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு உள்ள பாடல்கள் பொருந்துகின்றன. ஆகவே நிலை மிதிவண்டி, உடல் சூடேற்றம், பனிக்கட்டி ஒத்தடம், சலிப்பூட்டும் நீட்டல் ஆகியவற்றுக்குப் பாட்டு இருக்கட்டும். அது பயிற்சிக்கு வரவைக்கும், அதுவே பெரிது.

பயப்படும் அசைவின்போது பாட்டை நிறுத்திவிட வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. செவிப்பேசி மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தவர், ‘பாட்டு இருந்ததால் முடிந்தது’ என்றுதான் கற்றுக்கொள்வார். முட்டியின் நெறுநெறுப்பு கேட்கக் கூடாது என்பதற்காகவே ஒலியைக் கூட்டி வைப்பவர்களும் உண்டு. அங்கே பாட்டு ஊன்றுகோலாகிவிட்டது. களத்தில் செவிப்பேசி இருக்காது. போதாததற்கு, குதிப்பில் பயிற்றுநரின் குரலும் தரையின் சத்தமும் காதில் விழாமல் போவது வெறும் பாதுகாப்புக் கணக்கிலேயே தவறு.

பைனாரல் பீட்ஸ், ‘குணமாக்கும்’ அதிர்வெண்கள்

இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களைக் கொடுத்தால் மூளைக்குள் ஒரு மூன்றாவது அதிர்வு கேட்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் டோவ் கவனித்த நிகழ்வு இது. அறுவைக்கு முந்தைய பதற்றத்தில் 2005-இல் வந்த ஓர் ஆய்வு, பைனாரல் ஒலி கேட்டவர்களுக்குப் பதற்றம் 26.3 சதவீதமும், அது கலக்காத அதே ஒலிப்பதிவு கேட்டவர்களுக்கு 11.1 சதவீதமும் குறைந்ததாகச் சொல்கிறது. எனவே அறுவைக்கு முந்தைய காலையில் கேட்க விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் படுத்துக்கொண்டு அமைதியாவதும், காயக் காலை ஊன்றித் திரும்புவதும் வேறு வேறு பாடங்கள். முதலாவது இரண்டாவதைக் கற்றுத்தராது. 432, 528 ஹெர்ட்ஸ் ஜவ்வை ஆற்றும் என்பதற்கு உடலியலில் அடிப்படை இல்லை. இதற்காகப் பணம் கேட்கும் அமர்வுகளுக்குக் கொடுக்கும் தொகையை ஒரு நல்ல பிசியோவுடன் இன்னும் சில வாரங்களுக்குச் செலவிடுங்கள்.

எதை, எப்போது

பயத்தின் வகையைக் கேட்டுத் தேர்வு செய்யுங்கள். ‘வலிக்குமே’ என்பவருக்கு மெட்ரோனோம். ‘மறுபடி கிழிந்துவிடுமோ’ என்பவருக்கு முதல் மாதங்களில் பதிவுக் குரல், குதிப்புக் கட்டத்தில் காலின் ஒலி. ‘கால் என்னுடையது போலவே இல்லை’ என்பவருக்கு ஈ.எம்.ஜி. அல்லது அசைவொலிக் கருவி. கையில் காசே இல்லாத கிராமத்துக் கபடிக் குழுவுக்கு மெட்ரோனோம், பலகை, கைபேசிப் பதிவு மூன்றும் போதும்; விலைகூடிய உணர்கருவி இல்லாததால் அவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில், அதாவது களம் திரும்பும் முன் இரண்டு மாதங்களில், இன்னொரு ஒலியைச் சேர்க்க வேண்டும்: போட்டியின் இரைச்சல். அமைதியான கூடத்தில் துணிந்த கால், விசிலும் கூச்சலும் கேட்டவுடன் மறுபடி உறையும். கூட்டத்தின் ஒலியை ஒலிபெருக்கியில் போட்டு, முதலில் தாழ்வாக, பிறகு உரக்க வைத்து அதே பயிற்சிகளைச் செய்யுங்கள். கபடியில் பாட்டே ஒரு அளவுகோல். பயத்தில் மூச்சைப் பிடிப்பவரால் தொடர்ந்து பாட முடியாது. ரெய்டின் எந்த இடத்தில் ‘கபடி கபடி’ அறுகிறது என்று கேளுங்கள். எந்த அசைவுக்கு இன்னும் பயம் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஒலியை எப்போது எடுப்பது என்பதை முதல் நாளே திட்டமிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து பதில் பெற்றுக் கற்றவர், பதில் நின்றவுடன் தடுமாறுவார் என்பது அசைவுக் கல்வியில் 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். முதல் வாரம் எல்லாச் சுற்றுகளிலும் ஒலி. இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு சுற்று. மூன்றாம் வாரம் முதல் சுற்றில் மட்டும். நான்காம் வாரம் ஒலியே இல்லாமல். ஒவ்வொரு அசைவுக்கும் முன் ‘என்ன ஆகும் என்று நினைக்கிறாய், பயம் பத்துக்கு எத்தனை’ என்று கேட்டு எழுதுங்கள். முடிந்ததும் ‘என்ன ஆனது’ என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒலியை எடுத்தபின் பயத்தின் எண் இரண்டுக்கு மேல் ஏறினால் ஒரு படி எளிய அசைவுக்கு இறங்கி, அங்கே ஒலி இல்லாமல் மூன்று நாள் செய்யுங்கள். பழைய படியில் ஒலியைத் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

பயம் குறைந்துவிட்டது என்பதற்காகக் களம் திறந்துவிடாது. டெலவேர்-ஓஸ்லோ ஆய்வுக் குழு 2016-இல் காட்டியபடி, ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. தசை பலமும் குதிப்புச் சோதனைகளும் நல்ல காலில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் பயத்தின் எண் அசையவில்லை, காயத்தின் காட்சி தூக்கத்தில் வருகிறது, பயிற்சிக்கு வருவதையே தவிர்க்கிறார் என்றால், விளையாட்டு உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புங்கள். அந்தக் குறிப்பேட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், அவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது சொல்லும்.